கப்பலில் கரை காணாத ஒரு நாள்: அம்மா, அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு அம்மா, அப்பாவோடு பதிவு செய்திருக்கிறேன். அப்பாவுக்கு 70 வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு பஸ் ஏறினாலே குமட்டும், சுத்த சைவம். புக்கெட்டிலிருந்து கிளம்பிய பிறகு ஒரு முழு நாள் கடலிலேயே போகிறது. அன்றைக்கு இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அம்மாவுக்குத் தாங்குமா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அம்மா. நீங்கள் பயப்படும் அந்த நாளில் கப்பல் பெரும்பாலும் மலாக்கா நீரிணைக்குள்தான் போகும். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம். பெரிய அலை எழும்ப அங்கே திறந்த வெளி கிடையாது. 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு போன்ற அமைப்புகளும் உண்டு. ஆட்டம் தெரிவதென்றால் அதற்கு முந்தைய இரவுதான் தெரியும். புக்கெட்டை விட்டு அந்தமான் கடலில் போகும் நேரம் அது. அதுவும் மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றில்.

அதனால் மாத்திரை தேவையென்றால் புக்கெட்டில் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. நம் ஊரில் பஸ் பயணத்துக்குப் போடும் அவோமின் போன்றவை தூக்கம் வரவழைப்பவை. வயதானவர்கள் தடுமாறி விழ வாய்ப்புண்டு. கண் நீர் அழுத்தம் இருந்தால் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறை இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கேதான் அசைவு குறைவு. குமட்டும்போது அறைக்குள் படுத்துக்கொண்டு போன் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். காதிலுள்ள சமநிலை உறுப்பு ‘ஆடுகிறது’ என்கிறது, கண் ‘ஆடவில்லை’ என்கிறது. வெளித்தளத்துக்குக் கூட்டிவந்து தொடுவானத்தைப் பார்க்க வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

சரி, எங்கே உட்காருவது? கடல் நாளின் சுகத்தில் பாதி இதில்தான் இருக்கிறது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வரும்போது கப்பல் ஏறக்குறைய தென்கிழக்காகப் போகிறது. அப்படியென்றால் காலை வெயில் முன்பக்கம் இடப்புறத்திலிருந்து வரும், மாலை வெயில் பின்பக்கம் வலப்புறத்திலிருந்து வரும். காலையில் வலப்பக்கம் உட்காருங்கள், மதியத்துக்கு மேல் இடப்பக்கம் மாறுங்கள். இரண்டு வேளையும் நிழல் கிடைக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துக் கடல் இது. 11 மணியிலிருந்து 3 மணிவரை மேல்தளம் வேண்டவே வேண்டாம். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள நாற்காலிகளும் காலையிலேயே நிரம்பிவிடும், பாட்டுச் சத்தமும் அதிகம். கீழே, கூரையுள்ள நடைதளத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

மதியம் இடப்பக்கம் உட்காருவதில் இன்னொரு லாபமும் உண்டு. மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கடற்பகுதியிலிருந்து சிங்கப்பூர் வரை கப்பல்களுக்குப் போக, வர எனத் தனித்தனித் தடம் வகுத்திருக்கிறார்கள். நடைமுறை வலப்பக்கமாகப் போவது. ஆகவே எதிரே வரும் எண்ணெய்க் கப்பல்களும் கண்டெய்னர் கப்பல்களும் உங்கள் இடப்புறம்தான் கடந்து போகும். உலகிலேயே மிகவும் நெரிசலான கடல்வழிகளில் ஒன்று இது. உங்கள் அப்பாவுக்கு ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள், பொழுது போவதே தெரியாது. இத்தனை பெரிய கப்பல்கள் போகும் இந்த நீரிணையின் தெற்குப் பகுதியில் ஆழம் பெரும்பாலும் 27 முதல் 37 மீட்டருக்குள்தான் என்பதையும் சொல்லுங்கள், நம்ப மாட்டார். சரித்திர ஆர்வம் இருந்தால், பினாங்கை விட்டு வடக்கே கிளம்பும்போது வலப்பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கெடாவின் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம்; பழங்கால மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். ராஜேந்திர சோழனின் படை 1025-ல் போன கடாரம் அந்த மலையைச் சுற்றிய நாடுதான்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சில நாள் சட்டென்று காற்றும் இடிமழையும் வரும். ‘சுமத்ரா’ என்றே அதற்குப் பெயர். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், பயப்பட வேண்டாம்.

அன்றைய நிகழ்ச்சிப் பட்டியல் முந்தைய மாலையே அறைக்கோ கப்பலின் செயலிக்கோ வந்துவிடும். காலை முதல் இரவு வரை வினாடி வினா, நடனம், ஏலம் என்று நிரப்பியிருப்பார்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரவு அரங்க நிகழ்ச்சிக்கு மட்டும் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். வேறு ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அது போதும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. கடல் நாளில் எல்லோரும் தாமதமாக எழுவதால் காலை 9 மணிக்கு மேல் பஃபேயில் கூட்டம் நெரியும். அப்பா 8 மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடட்டும். அம்மாவின் சைவத்தைப் பயணத்துக்கு முன்பே பதிவு செய்து, முதல் இரவு உணவின்போது பரிமாறுபவரிடமும் நேரில் சொல்லுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸுக்குக் கை சுத்தப்படுத்தும் ஜெல் போதாது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் கப்பல் நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துப் பெரிய பில் வரும். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் இந்த வயதில் ஏற்றாதீர்கள்.

அன்றே கடைசி இரவும் என்பதால் பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் இறங்கிய பிறகுதான் அவை கைக்கு வரும். அப்பாவின் மாத்திரை, பாஸ்போர்ட்டுகள், ஆளுக்கு ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் தனியாக எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.