பேய் வருவதற்கு முன்பே வயலின் வந்துவிடுகிறது!

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து பத்து நிமிடப் பேய்க் குறும்படம் எடுத்தேன். மேக்கப்புக்கும் பின்னணி இசைக்கும் நிறையச் செலவு செய்தோம். கல்லூரியில் திரையிட்டபோது, பேய் வரும் இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை இன்னும் விலை உயர்ந்த கேமராவை வாடகைக்கு எடுக்கலாமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மைக் ஒன்று எடுங்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பெர்க் 2013-இல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடம்கூட ஓடாது. நடித்தவர் அவர் மனைவி லோட்டா லோஸ்டன். படப்பிடிப்பும் அவர்கள் வீட்டிலேயே. தூங்கப் போகும் பெண் விளக்கை அணைக்கிறாள்; நடையின் கோடியில் ஓர் உருவம் நிற்கிறது. விளக்கைப் போட்டால் காணோம். அணைத்தால் மறுபடி அங்கேயே. போடுகிறாள், அணைக்கிறாள், போடுகிறாள்... ஒருமுறை அணைக்கும்போது அது அவளுக்கு மிக அருகில் நிற்கிறது.

கேமரா இதில் எந்த வித்தையும் காட்டவில்லை. அவள் முகம், காலி நடை, மறுபடி முகம், மறுபடி நடை. அந்தத் தூரத்தை நம் கண்ணுக்கு நன்றாகப் பழக்கிவிட்டு, பிறகு சட்டென்று பறித்துவிடுகிறது. சுவிட்சின் 'டிக்' சத்தமும் அப்படித்தான். நாலாவது 'டிக்'குக்குள் அந்தச் சத்தமே நம்மைப் பயமுறுத்தத் தொடங்கிவிடும். 2016-இல் சாண்ட்பெர்க்கே இதை ஹாலிவுட்டில் முழுநீளப் படமாக இயக்கினார்.

ஒலிக்கு இன்னும் பழைய பாடம் இருக்கிறது. ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) முழுநீளப் படம்தான், ஆனாலும் குறும்படக்காரர்கள் பார்த்தே ஆகவேண்டிய ஒரு காட்சி அதில் உண்டு. இரவில் பூங்கா ஓரமாக ஒருத்தி நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தி. கேட்பது இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் மட்டும். திடீரென்று ஒன்று நின்றுபோகிறது. இசை கிடையாது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. அப்போது ஏதோ மிருகம் சீறுவதுபோல ஒரு சத்தம். பார்த்தால், பஸ் வந்து நிற்கிறது!

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். கதாநாயகி கதவுப் பக்கம் திரும்பும்போதே வயலின் அலற ஆரம்பித்துவிடுகிறது. பேய் வரப்போவதை நீங்களே அறிவித்துவிடுகிறீர்கள். அவள் பார்ப்பதற்கு முன்பே கேமரா பேயின் முகத்துக்குப் போய், மேக்கப்பை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அங்கேயே நிற்கிறது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த வீட்டில் ஒரு ஃபேன் சத்தம்கூட இல்லை. இரவில் கரண்ட் போய் ஃபேன் நிற்கும்போது வீடு எப்படி ஆகிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அதை யாரும் படத்தில் பயன்படுத்தாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

புதிய படம் அப்புறம் இருக்கட்டும். இதே படத்தில் இசையை மொத்தமாக எடுத்துவிட்டு, பேயின் குளோசப்பையும் வெட்டிவிட்டு, அவள் முகத்தை மட்டும் வைத்து மறுபடி எடிட் செய்யுங்கள். படத்தை முன்பு பார்க்காதவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். அப்போதும் சிரித்தால் திரைக்கதையைத்தான் மாற்ற வேண்டும்.