பதில்: தோல் ஆலைக் கழிவால் கிணறு கெட்டுவிட்டது, ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி வழக்குப் போட முடியுமா?

முடியும். ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறுகளைத் தீர்க்கக் கேட்கும் 14ஆம் பிரிவுக்குத்தான் அந்த ஆறு மாதம். இழப்பீடும் நிலத்தை, நீரைச் சீரமைப்பதும் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து வருடம் இருக்கிறது. உங்கள் மனு அதன் கீழ் போகட்டும். தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

நீதிபதிகள் இதில் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சிக்கலுக்கு நேரான முன்னுதாரணமே நம் பாலாறுதான். தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வேலூர் வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆபத்து இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் ஆலை மேல் வைத்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தீர்ப்பு வேறு, அமலாக்கம் வேறு.

அதனால் ஆலையை மட்டும் எதிர்மனுதாரர் ஆக்காதீர்கள்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கலெக்டரையும் சேருங்கள். தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழுவை அனுப்பி அறிக்கை கேட்கும். அப்புறம் வழக்கு அந்த அறிக்கையை ஒட்டித்தான் போகும். குழு வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கை, வாரியத்துக்குக் கொடுத்த புகாரின் நகல், இரண்டும் கையில் இருக்கிறதா?