சிலை இருக்கட்டும், அந்த டீயைப் போட்டது யார்?

கேள்வி: எனக்கு வயது 44. சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். இப்போது கோவையில் கணவர், மகன், மாமியாரோடு இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 1994-ல் எட்டாம் வகுப்புப் பாதியில் அப்பா என்னை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் தலைமையாசிரியை (பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்) மூன்று நாள் வீட்டுக்கு வந்து பேசினார். அப்பா பிடி கொடுக்கவில்லை. நான்காம் நாள் விடியும் முன்பே ஆபீஸ் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, வரிசையில் நின்ற என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா வாங்கியிருந்த அட்வான்ஸையும் அவரே கட்டினார். அவர் இல்லையென்றால் நான் இல்லை. மார்ச் மாதம் டீச்சர் தவறிவிட்டார். வருடக் கணக்கு முடிக்கும் நேரம், போக முடியவில்லை. அன்று இரவெல்லாம் அழுதேன். மாமியாருக்குத் துணையாக ஊரிலிருந்து கூட்டி வந்திருக்கும் சொந்தக்காரப் பெண்தான் பாவம், ஒரு மணிக்கு எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள். போன வருடம் பத்தாவது முடித்த பிள்ளை, நல்ல சூட்டிகை. பழைய மாணவிகள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். பள்ளியில் மார்பளவுச் சிலை வைக்கலாம் என்பது என் ஆசை. சிலர் நுழைவாயில் வளைவு என்கிறார்கள், சிலர் ஆண்டுதோறும் பரிசு என்கிறார்கள். எது சரி? கடைசியாக முகம் பார்க்காத குற்ற உணர்ச்சியிலிருந்து எப்படி மீள்வது?
- கோவை வாசகி

பதில்: அந்தப் பெண்ணுக்கு என்ன வயது?

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் டீச்சரின் கறுப்புக் குடை வருகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படம் வருகிறது. மயிலாடியில் சிலைக்கு விலை விசாரித்தது, கல்லா வெண்கலமா என்று தோழிகளோடு நடந்த சண்டை, எல்லாம் வருகிறது. டீ போட்டுக் கொடுத்தவளுக்கு மட்டும் மூன்று வரி. பெயர்கூட இல்லை.

பத்தாவது முடித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் முடிக்கவில்லை அம்மா, நிறுத்தியிருக்கிறார்கள். போன வருடம் தேறியவள் என்றால் பதினாறு வயது இருக்கும். அவளோடு படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பை முடித்துவிட்டார்கள். அவள் உங்கள் மாமியார் அறையில் கீழே பாய் போட்டு, கூப்பிட்டால் எழுந்துகொள்கிற தூக்கம் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தில்தான் உங்கள் அழுகை அவளுக்குக் கேட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை எழுதும் இத்தனை வருடத்தில் மனப்பாடமே ஆகிவிட்டது. அவங்க வீட்டில் கஷ்டம், நாலு பெண் பிள்ளைகள், இங்கே வந்ததால் நல்ல சாப்பாடு, தீபாவளிக்குத் துணி, எங்க பிள்ளை மாதிரிதான் வைத்திருக்கிறோம். சரி. உங்கள் மகன் அன்று ராத்திரி எழுந்து டீ போட்டானா? காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டியவன், தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுத்தானே அழுதிருப்பீர்கள்? பிள்ளைக்கும் 'பிள்ளை மாதிரி'க்கும் நடுவில் இருப்பது அந்தக் கதவுதான்.

எங்கள் தாத்தா வீட்டிலும் ஓர் அத்தை இருந்தாள். யாருடைய தங்கை, எந்த வழியில் சொந்தம் என்று கேட்டால் பெரியவர்களுக்கே இரண்டு நிமிடம் ஆகும். ஒன்பது வயதில் வந்தவள். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறாள். ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு, மை படிந்த பெருவிரலைச் சேலையில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்து வருவாள். கிணற்றடியில் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவளையும் நாங்கள் நன்றாகத்தான் வைத்திருந்தோம். அதனால் 'சொந்தக்காரப் பெண்' என்ற சொல்லை என்னிடம் கொண்டு வராதீர்கள். சொந்தம் என்பது வேலைக்கு உரிமை தருகிற சொல் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு வருகிறவளாவது சாயங்காலம் வீட்டுக்குப் போவாள். சொந்தக்காரப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

சிஸ்டர் சுப்புலட்சுமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுவயதிலேயே விதவையாகி, பெற்றோர் துணையோடு படித்து, 1911-ல் சென்னையில் பி.ஏ. முடித்தவர். தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்து வைத்துப் படிக்கவைத்தார். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிற கடற்கரை ஐஸ் ஹவுஸ் ஒரு காலத்தில் அந்தப் பெண்களின் விடுதியாக இருந்தது. அதற்கு முன்னால் அந்தச் சிறுமிகள் எங்கே இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தெருவிலா? அண்ணன் வீட்டு அடுப்படியில், சித்தப்பா வீட்டுக் கொல்லையில், சொந்தத்தோடுதான் இருந்தார்கள்.

உங்கள் டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி வேலையில் வைக்கக்கூடாது என்ற சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. சாத்தூரிலும் சிவகாசியிலும் அது யாருக்கும் தெரியாமல் இல்லை. இருந்தும் இருட்டில் பஸ் வந்தது, பிள்ளைகள் ஏறினார்கள். சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில். உங்கள் டீச்சர் அதற்கு இரண்டு வருடம் முன்பே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார். அப்பாவிடம் சட்டம் பேசிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர்.

உங்கள் வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் சட்டம் உங்களை ஒன்றும் செய்யாமல் போகலாம். பதினான்கு தாண்டியவள், வீட்டு வேலை, அதுவும் சொந்தம். போலீஸ் வராது. ஆனால் டீச்சர் உயிரோடு இருந்து, உங்களைப் பார்க்கக் கோவைக்கு வந்து, அந்தப் பெண் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றிருந்தால்? "எந்த ஸ்கூல்ல படிக்கிற?" என்று அவளிடம்தான் முதலில் கேட்டிருப்பார். நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்?

மாமியாருக்கு யார் துணை என்ற கேள்வி வரும். அவர் உங்கள் கணவருடைய அம்மா. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் கணவருக்கு ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் வருகிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து சம்பளம் கொடுத்து, வயது வந்த ஒரு பெண்ணைப் பகல் நேரத்துக்கு வைக்கட்டும். ராத்திரி மகன் எழுந்து அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போகட்டும். பெற்றவளைப் பார்க்கும் கடமையைப் பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளியே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. பழைய காலத்து ஆள் என்று என்னைச் சொல்வார்கள். பரவாயில்லை.

ஜூனில் பள்ளி திறக்கிறது. முதலில் அவளிடம் கேளுங்கள்: இங்கே படிக்கிறாயா, ஊரில் அம்மாவோடு இருந்து படிக்கிறாயா? நீங்களே முடிவு செய்துவிட்டு அவளிடம் சொல்லாதீர்கள், கேளுங்கள். ஊர்ப் பள்ளியில் அவளுடைய டி.சி., மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். ஒரு வருடம் விட்டுப்போனால் பிளஸ் ஒன் சேர்க்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாமல், நேரே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இதுவரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், பாசத்தில் தனியார் பள்ளியில் போட்டுவிடாதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத்தான் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கிறது. (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு.) அவள் அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள் என்றால், அதை அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவர் அவளை வேறு வீட்டுக்கு அனுப்புவார். டீச்சர் கட்டிய அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அவள் உங்கள் வீட்டிலேயே இருந்து படிக்கிறேன் என்றால், விடிகாலையில் அவள் கையில் பால் பாத்திரம் இருக்கக்கூடாது.

சிலை கேட்டீர்கள் அல்லவா? அரசுப் பள்ளி வளாகத்தில் சிலை வைக்க அனுமதி வாங்கவே அலைய வேண்டும், அது தனி. எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. வளைவும் வேண்டாம், அதன் கீழே தேர்தல் சமயத்தில் தோரணம் கட்டுவார்கள். பள்ளிக்கே கொடுப்பதென்றால் 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஊரிலேயே இருக்கிற உங்கள் தோழி யாராவது அதில் சேர்ந்து, பள்ளிக்கு வராமல் நின்ற பெண்களின் பட்டியலை மாதாமாதம் கேட்டு வாங்கி, அந்த வீடுகளுக்குப் போகட்டும். போக்குவரத்துச் செலவும், இடையில் நிற்கும் பெண்களின் வீட்டுச் சின்னக் கடன்களும் நீங்கள் திரட்டிய பணத்தில் போகட்டும். டீச்சர் தன் சம்பளத்தில் செய்த வேலைதானே அது. முதலிடம் வாங்கும் பிள்ளைக்குக் கேடயம் கொடுக்க ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

குற்ற உணர்ச்சியிலிருந்து மீள வழி கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மீள வேண்டாம், ஜூன்வரை அது உங்களுக்கு வேண்டியிருக்கிறது. டீச்சர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காததை நீங்கள் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய் விசாரியுங்கள். போகும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிப் போங்கள், டி.சி. வேலையும் அப்படியே முடியும்.

அப்புறம் எனக்கு எழுதுங்கள். அவள் பெயரையும் சேர்ந்த பள்ளியையும் முதல் வரியிலேயே போடுங்கள்.