ஸ்பீடு 40, பேச்சு மட்டும் ஏன் தாமதம்?

கேள்வி: மகன் டொரன்டோவில் இருக்கிறான். எங்கள் வீட்டில் 4ஜி வைஃபை ரூட்டர். சாயங்காலம் நெட் காலில் பேசினால், நான் கேட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் அவன் பதில் வருகிறது. அதற்குள் நானும் பேச, இரண்டும் மோதுகின்றன. ஸ்பீடு டெஸ்டில் 40 காட்டுகிறது. கடைக்காரர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
– வாசகி, கம்பம்

பதில்: வேண்டாம்மா. அந்த 40, வீட்டுக்குள் வரும் வேகம். உங்கள் குரல் போவது எதிர்த்திசையில். பக்கத்திலேயே 'அப்லோட்' என்று இன்னோர் எண் இருக்கும், பாருங்கள். 4ஜியில் அது 2, 3 என்று சுருங்குவது சகஜம்.

தூரத்தின் மேல் பழி போட முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், 20 ஆயிரம் கி.மீ. சுற்றிப் போனாலும் 0.1 விநாடிதான். என் சந்தேகம் உங்கள் ரூட்டர் மேல்தான். சாயங்காலம் பேரப்பிள்ளைகள் வீடு திரும்பியதும் அவர்கள் போன்கள் வைஃபையைப் பிடித்து, அன்று எடுத்த வீடியோக்களை 'பேக்கப்' ஏற்றத் தொடங்கும், இல்லையா?

பேச்சு பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக, விநாடிக்கு 50 பொட்டலமாக (பாக்கெட்) போகிறது. எல்லாம் பொடிப் பொட்டலங்கள். வீடியோ மூட்டைகளுக்குப் பின்னால் அவை குமுளி செக்போஸ்ட்டில் லாரி வரிசையில் மாட்டிய மொபெட்டாக நிற்கின்றன. முன்னால் 500 கிலோபைட், அதாவது 4 மெகாபிட் நின்று, ஏற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) என்றால், வரிசை கரைய 2 விநாடி. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

வரிசை இவ்வளவு நீண்டதற்குக் காரணம் தயாரிப்பாளர்களின் தாராளம். மெமரி மலிவானதும், ஒரு பொட்டலம்கூடத் தொலையக் கூடாதென்று பெரிய பெரிய பஃபராக (பொட்டலங்கள் காத்திருக்கும் இடம்) வைத்துவிட்டார்கள். அனுப்பும் போனோ, பொட்டலம் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். அதுவரை தள்ளிக்கொண்டே இருக்கும். 2010-ல் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைப் பிடித்து, 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். 2012-ல் இணைய ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் தந்த 'கோடெல்' முறை, காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேல் நீடித்தால் பொட்டலங்களை வேண்டுமென்றே தூக்கி எறியும், அனுப்பும் போனும் வேகத்தைக் குறைக்கும். முரட்டு வைத்தியம்தான், எனக்கு ரொம்பப் பிடித்த வைத்தியமும் அதுதான்.

பைசா செலவில்லாமல் முதலில் பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளிப் பாருங்கள். ரூட்டரில் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் 'எஸ்க்யூஎம்' (SQM) வசதி இருந்தால், ஏற்றும் வேகத்தைக் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள். வேகம் கொஞ்சம் போகும், தாமதம் நிறையப் போகும்.

கேள்வி: அதே 4ஜியில் சாதாரணமாக நம்பர் போட்டுப் பேசினால் மட்டும் தாமதம் இல்லையே, எப்படி?
– வாசகர், உத்தமபாளையம்

பதில்: 4ஜியில் நம்பர் போட்டுப் பேசும் முறைக்கு 'வோல்ட்டி' (VoLTE) என்று பெயர். அதில் குரலுக்குத் தனிப் பாதை, உறுதியளித்த வேகம், 100 மில்லி விநாடித் தாமத வரம்பு எல்லாம் உண்டு. சாதாரண டேட்டாவுக்கு அந்த வரம்பு 300. வேகத்துக்கு உறுதியும் கிடையாது. நெட் கால் டேட்டாவோடு டேட்டாவாகத்தான் போகிறது.