கல்யாணக் கச்சேரி குறைந்துவிட்டது, பள்ளி வேலைக்குப் போகலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 41, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தே குடும்பம் நடத்தினேன். இப்போது டிஜே ஒருவரே மண்டபத்தைச் சமாளித்துவிடுகிறார். ஒரு மாதம் 5,000 ரிங்கிட் வரும், இன்னொரு மாதம் 1,200கூடத் தேறாது. ஒரு தனியார் பள்ளி 2,800 சம்பளத்தில் இசை ஆசிரியர் வேலை தருகிறது. சேமிப்பு 30,000 உண்டு. அதில் 25,000 போட்டு வீட்டில் ஒலிப்பதிவுக்கூடம் வைப்பதா, பள்ளிக்குப் போவதா?

பதில்: பள்ளிக்குப் போங்கள். கச்சேரியையும் விடாதீர்கள், கல்யாணங்கள் பெரும்பாலும் சனி ஞாயிறில்தானே நடக்கின்றன. மேடைக் கலைஞர் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவது இறங்குமுகம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

2,800ஐ மட்டும் பார்க்கக் கூடாது. ஊழியர் சேமநிதிக்கு (இபிஎஃப்) உங்களிடம் 11 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 13 விழுக்காடு போடுவார். மாதம் 672 ரிங்கிட் முதுமைக்குச் சேரும். அதில் 364 சம்பளத்துக்கு மேல் வருவது. இத்தனை வருடம் கல்யாண வீட்டார் யாரும் உங்கள் பெயரில் அங்கே ஒரு காசு போட்டிருக்க மாட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தில் சேமநிதியும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கைக்கு ஏறக்குறைய 2,470 வரும். வீட்டுச் செலவை அதற்குள் அடக்கப் பாருங்கள். கச்சேரிப் பணம் தனிக் கணக்கில் போகட்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா! துண்டு விழும் மாதத்தில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவுக்கூடத்துக்கு 25,000 வேண்டவே வேண்டாம். கருவி கடையில் கிடைக்கும், வாடிக்கையாளர் கிடைப்பதுதான் கஷ்டம். கணினி இருந்தால் நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று 3,000க்குள் தொடங்குங்கள். அடுத்த கருவியை ஒலிப்பதிவில் வந்த பணத்திலேயே வாங்குங்கள். மீதிச் சேமிப்பில் கை வைக்காதீர்கள், பிள்ளைகுட்டி உள்ள வீட்டுக்கு அது அவசியம்.

பள்ளி வேலை அமையாவிட்டால் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கான சேமநிதித் திட்டமான ஐ-சாரானில் சேருங்கள். நீங்களே சேமநிதியில் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. 2025 விதிப்படி ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை கிடைக்கும், அதாவது 2,500 போட்டால் முழுதும் வரும்.

அப்புறம், வருமான வரி. சம்பளத்தோடு கச்சேரி வருமானமும் இருப்பதால் தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம் நிரப்ப வேண்டும், கெடு ஜூன் 30. ரொக்கமாக வாங்கினாலும் ரசீது கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கி வருமானத்துக்கு அத்தாட்சிதான் கேட்கும்.