தூக்க முடியாத கல்

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் நேற்று இரவு கேட்டாள்: “கடவுளால், தன்னாலேயே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா, அப்பா?” முடியும் என்றால் அவரால் தூக்க முடியாத ஒன்று இருக்கிறது. முடியாது என்றால் அவரால் படைக்க முடியாத ஒன்று இருக்கிறது. எப்படிச் சொன்னாலும் ‘எல்லாம் வல்லவர்’ அடிபட்டுப்போகிறது. நான் தினமும் தேவாரம் படிப்பவன். பதில் வராமல் “முதலில் சாப்பிட வா” என்று தப்பித்தேன். இது வெறும் சொல்விளையாட்டா, இல்லை உண்மையான வாதமா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

சாப்பாட்டு நேரம் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ராசியான நேரம் போலிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தலைவர் டெசிடேரியஸும் பீட்டர் டேமியன் என்ற கிறிஸ்தவத் துறவியும் உணவின்போதுதான் ஆரம்பித்தார்கள். கன்னிமை இழந்தவளை மறுபடி கன்னியாக்கக் கடவுளாலும் முடியாது என்று புனித ஜெரோம் எழுதியிருந்தார். டேமியனுக்கு அது ஜீரணமாகவில்லை. பிறகு நீண்ட கடிதமே எழுதினார். ரோம் நகரம் தோன்றவே இல்லை என்று ஆக்கக் கடவுளால் முடியுமா என்பது வரை அது போகிறது.

13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நிதானமாக ஒரு கோடு போட்டார். தனக்குத்தானே முரண்படுவது எதுவும் செய்யக்கூடிய காரியங்களின் கணக்கிலேயே வராது. கடவுளால் அதைச் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்படக்கூடியதே அல்ல என்பதுதான் சரி என்றார். நம் ஊர்த் தருக்கத்தில் இதற்குக் கைவசம் இரண்டு உதாரணங்கள் உண்டு: முயற்கொம்பு, மலடி மகன். இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முயலுக்குக் கொம்பு இல்லை, அவ்வளவுதான். கடவுள் நினைத்தால் முளைக்கவைக்கலாம். மலடி மகன் அப்படியா? மகன் பிறந்த கணமே அவள் மலடி இல்லை. உங்கள் மகளின் கல் இந்த இரண்டாவது வகை: எல்லாம் வல்லவர் என்றபின் ‘அவரால் தூக்க முடியாத’ என்பதே முரண்.

இல்லை, முரண்பாட்டையும் அவர் செய்தாக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால்? சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். 1964இல் அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி பிராங்க்ஃபர்ட் காட்டியது இதுதான்: தூக்க முடியாத கல்லைப் படைத்துவிட்டவர், அந்தத் தூக்க முடியாத கல்லைத் தூக்கியும் விடுவார். ஒரு முரண்பாட்டுக்குக் கதவைத் திறந்தபின் இரண்டாவதை எப்படித் தடுப்பது?

ஆக, கல்லைப் பொறுத்தவரை சொல்விளையாட்டுதான். ஆனால் அதோடு விட எனக்கு மனமில்லை. 1955இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி இந்தக் கேள்வியிலிருந்து கல்லை எடுத்துவிட்டார். எல்லாம் வல்லவரால், பிறகு தானே கட்டுப்படுத்த முடியாத ஒன்றைப் படைக்க முடியுமா? மேக்கியின் மனத்தில் இருந்தது மனிதனின் சுதந்திரம். இங்கே மலடி மகனைச் சொல்லி அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது. தூக்க முடியாத கல்லை யாரும் பார்த்ததில்லை. சொன்ன பேச்சு கேட்காத மனிதனைத் தினமும் பார்க்கிறோம்.

தேவாரம் படிப்பவர் என்பதால் இன்னொன்று. சைவ சித்தாந்தம் மேக்கியின் கிடுக்கியில் நேராக மாட்டாது. அங்கே உயிரை இறைவன் படைக்கவே இல்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. குயவன் பானையை வனைகிறான், மண்ணைப் படைப்பதில்லை. ஆனால் சிவனின் எண்குணங்களில் ‘முடிவில் ஆற்றல் உடைமை’யும், அதாவது முடிவில்லாத ஆற்றலும் ஒன்று. அந்த ஆற்றல்தான் மலபரிபாகம் வரும்வரை, அதாவது உயிரைப் பற்றியிருக்கும் மலம் என்னும் அழுக்கு பக்குவப்படும்வரை காத்திருக்கிறது. மலத்தைக் கண்ணில் படர்ந்த படலத்துக்கு ஒப்பிடுவது ஆகம மரபில் பழைய உவமை. என் பாட்டிக்குக் கண்புரை வந்தபோது டாக்டர், “முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று இரண்டு வருஷம் காக்கவைத்தார். அந்தக் காலத்து டாக்டருக்கு வேறு வழியில்லை. முடிவில்லாத ஆற்றல் உள்ளவருக்கு ஏன் வேறு வழியில்லை என்று உங்கள் மகள் கேட்டால், என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்