கண்ணாடி விரியன் கடித்தால் ஏன் அவ்வளவு வலி? அதற்கு மருந்து உண்டா?

பல் குத்திய வலி கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் விஷத்தின் வேலை. கண்ணாடி விரியன் விஷத்தில் திசுக்களை அரிக்கும் நொதிகள் நிறைய. உடைந்த செல்களிலிருந்து கசிவதும், பிராடிகினின் மாதிரி உடலே உண்டாக்கும் பொருட்களும் வலி நரம்புகளை உசுப்பிவிடுகின்றன. கால் பொசுபொசுவென்று வீங்குவதும் இதனால்தான்.

டெக்சாஸ் பவளப்பாம்புக்குக் குறுக்கு வழி தெரியும்: அமிலத்தை உணரும் நரம்பு வாயில்களை அதன் நச்சு நேராகவே திறந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே வகை வாயில்களை அடைக்கும் புரதம் கறுப்பு மாம்பா என்ற ஆப்பிரிக்கப் பாம்பின் விஷத்தில் இருப்பது 2012-இல் தெரியவந்தது. எலிகளுக்கு வலி நன்றாகவே குறைந்தது. மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு விஷமுறிவு ஊசிதான் அடிப்படை. வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பார்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். விரியன் விஷம் ஏற்கெனவே ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கும். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது இரண்டும் கூடாது.

அதற்காக, வலிக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடி எறும்புக்கடி அளவுக்குக்கூட உறைக்காது. பாயில் தூங்குகிறவரை ராத்திரி கடித்திருக்கும். விடியும்போது இமையைத் தூக்க முடியாமல் கிடப்பார்.